மரகதம் பார்த்த பக்கம்

"டீச்சர், நாற்பது படம். ஒண்ணுல கூட கல்யாணப் பொண்ணு கேமராவைப் பாக்கலை."

வடமலை படங்களை மேசைமேல் வைத்தார்.

சபூரா அவற்றைத் தொடவில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக ஸ்டூடியோவுக்குள் வந்துகொண்டிருந்தது. நீலத் திரைச்சீலை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையைப் பாக்கிறாங்களா?"

"அதுவும் இல்லை."

"அப்ப கேமராவை மட்டும் குறை சொல்ல முடியாது."

"விளையாடாதீங்க டீச்சர். ஒரு குடும்பம் ஆரம்பிக்கும்போதே விரிசல் விட்டுடும் போலிருக்கு."

வடமலை தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்தொன்பது. சபூராவுக்கு முப்பத்துமூன்று. அந்த மலையூரில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க அவளிடம்தான் வர வேண்டும். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வடமலை அவளிடம் கேமரா கற்றுக்கொண்டிருந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு பாறையைத்தான் படம் எடுக்கச் சொன்னாள்.

"பாறையில என்ன இருக்கு டீச்சர்?" என்று அப்போது கேட்டார்.

"பாறை எங்கேயும் போகாது. நீங்க போறீங்களான்னு பாக்கணும்" என்றாள்.

அவர் போகவில்லை.

கல்யாணம் அவருடைய நண்பன் தனக்கோடிக்கு. ஜீப் ஓட்டுகிறவன். ஐம்பத்தொரு வயது வரை தனியாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் மரகதத்தைக் கட்டிக்கொண்டான். அவள் புருஷன் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணம் முடிவானதும் தனக்கோடி ஜீப்பை நேராக வடமலை வீட்டுக்குத்தான் விட்டான்.

"வெளி ஆளு வேண்டாம்டா. நீயே எடு."

"நான் பாறையும் குருவியும் எடுக்கிறவன்டா."

"பரவால்ல. ஒரு படம் நல்லா வந்தாப் போதும். வீட்டுல மாட்ட."

இப்போது கல்யாணம் முடிந்து பத்து நாள்.

"படத்தைப் பாத்துட்டு உங்க சிநேகிதர் என்ன சொன்னாரு?" என்று சபூரா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. ஒவ்வொண்ணாப் பாத்தான். எல்லாத்தையும் அடுக்கி கவுத்து வச்சான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறப்பதான் கேட்டான்."

"என்னன்னு?"

வடமலை மேசைமேல் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'அவளுக்கு என்னைப் புடிக்கலியாடா?'ன்னு."

சபூரா எழுந்தாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலை அறையின் நடுவில் இழுத்துப் போட்டாள்.

"இதுதான் மணவறை. உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான் பொண்ணு."

வடமலை உட்கார்ந்தார். கேமரா மடியில் கிடந்தது.

அவள் முதல் படத்தை எடுத்தாள். "இதை எங்கே நின்னு எடுத்தீங்க?"

அவர் கைகாட்டினார். அவள் அந்த இடத்தில் போய் நின்று படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல அவங்க எப்படிப் பாக்கிறாங்களோ அப்படிப் பாருங்க."

அவர் முகத்தை இடப்பக்கம் திருப்பினார்.

அடுத்த படம். அது வேறொரு மூலையிலிருந்து எடுத்தது. அவள் அங்கே போனாள். அவர் தலையை லேசாக நிமிர்த்தினார்.

அடுத்தது. அதற்கடுத்தது. மாலை மாற்றும் படம், மெட்டி போடும் படம், ஆசீர்வாதம். சபூரா பனிக்குள் நடந்து நடந்து இடம் மாறிக்கொண்டே இருந்தாள். சில நேரம் அவள் தெரியவில்லை, கையில் இருந்த படம் மட்டும் தெரிந்தது. பனி ஸ்டூலைச் சுற்றி ஏறியது. மேளச் சத்தம் எங்கோ அடிவாரத்தில் கேட்பதுபோல வடமலைக்கு இருந்தது. தலையில் பூ கனப்பதுபோலக்கூட இருந்தது.

பத்துப் பன்னிரண்டு படங்களுக்குப் பிறகு அவர் கழுத்தைத் திருப்ப வேண்டியே இருக்கவில்லை. அவள் எங்கே போய் நின்றாலும் அவர் முகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருந்தது?" என்று சபூரா கேட்டாள்.

அவர் யோசித்தார்.

"ஒண்ணும் இல்லை. ஒரு பந்தக்கால். பக்கத்துல தண்ணிக் குழாய்."

"தாலி கட்டுறப்பவும் குழாயையா பாத்துக்கிட்டிருந்தாங்க?"

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"போய் அங்க நில்லுங்க" என்றாள்.

"கேமரா?"

"அது கழுத்துல கிடக்கட்டும்."

கல்யாணம் நடந்த மாரியம்மன் கோயில் தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருந்தது. பந்தலின் ஓலைகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மூங்கில் கால்கள் மட்டும் பனியில் நின்றன. வாடிப்போன மாவிலைத் தோரணம் ஒன்று இரண்டு கால்களுக்கு நடுவே தொங்கியது. அதில் நீர் சொட்டியது.

வடமலை குழாய்க்குப் பக்கத்துக் காலின் அருகே போய் நின்றார். மணவறை இருந்த பக்கம் பார்த்தார்.

முதலில் வெறும் பனிதான் தெரிந்தது. நிற்க நிற்கக் கல்யாணம் அதற்குள் மெல்லக் கூடியது. புகை எழும்பியது. மஞ்சள் நிறம் தெரிந்தது. யாரோ குனிந்தார்கள், யாரோ நிமிர்ந்தார்கள். மரகதம் எங்கே இருக்கிறாள் என்று அவர் தேடினார். தெரியவில்லை. நடுவில் ஒருவன் கால்களை அகட்டி நின்று மறைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தார். அவனும் அந்தப் பக்கம் நகர்ந்தான். இந்தப் பக்கம் எட்டினார். அவனும் இந்தப் பக்கம் வந்தான்.

அவன் சட்டை தெரிந்த சட்டையாக இருந்தது. முதுகில் கேமரா வார் குறுக்காக ஓடியது.

வடமலை மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

பூசாரி சடையப்பன் குடத்தோடு குழாய்க்கு வந்தார்.

"என்ன எலெக்ட்ரீஷியன், லைட்டைக் கழட்ட வந்தியா?"

"இல்ல பூசாரி. கல்யாணத்தன்னிக்கு இந்த எடத்துல யாரு நின்னது?"

"இங்கயா?" குடத்தைக் குழாயின் கீழ் வைத்தார். "மரகதம் மக வினோதினி. கோயமுத்தூர்ல நர்சிங் படிக்குதே, அந்தப் பொண்ணு."

"எவ்வளவு நேரம்?"

"ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும். மாலை எடுத்துக் குடுக்க வாம்மான்னு நானே போய்க் கூப்பிட்டேன். வரலை."

"ஏனாம்?"

"போட்டோ எடுக்கிறவரு தள்ளி நிக்கச் சொன்னாருன்னு சொல்லிச்சு."

குடம் நிரம்பி வழிந்தது. பூசாரி குழாயை மூடினார்.

வடமலைக்கு இப்போது நினைவுக்கு வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் முதல் படம். பொண்ணு மாப்பிள்ளை மட்டும். ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு பச்சைத் தாவணி வந்து வந்து போயிற்று. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை நீட்டி, 'கொஞ்சம் தள்ளி நில்லும்மா' என்றார். பச்சை நிறம் போய்விட்டது. படம் சுத்தமாக வந்தது. அதற்காக அப்போது அவருக்குச் சந்தோஷம்கூட.

அவர் மேடேறி மரகதத்தின் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஒரு பை தயாராக இருந்தது. வினோதினி படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மரகதம் புளிசாதப் பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். தனக்கோடி கொஞ்சம் தொலைவில் ஜீப்பின் முகப்பைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"பஸ் ஸ்டாண்டுல நான் கொண்டுபோய் விடட்டுமா?" என்று அவன் ஜீப்பிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"இல்ல, பஸ் இங்கயே நிக்கும்" என்றாள் வினோதினி.

அவள் அவனை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை என்பதை வடமலை கவனித்தார்.

"வாங்கண்ணே" என்றாள் மரகதம். "டீ போடறேன்."

"இருக்கட்டும்மா." அவர் படிக்கட்டின் முன்னால் போய் நின்றார். "வினோதினி, அன்னிக்கு உன்னைத் தள்ளி நிக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும் மாமா."

"யாருன்னு நான் பாக்கலை. கண்ணை எடுக்காமச் சொல்லிட்டேன்."

அவள் செருப்பு வாரை விட்டாள்.

"அங்க நிக்கலாமா கூடாதான்னு எனக்கே தெரியாமத்தான் மாமா நின்னேன். நீங்க சொன்னதும் சரிதான்னு தோணிச்சு."

மரகதத்தின் கையில் நூல் நின்றது. ஜீப் பக்கம் துணி நின்றது.

"யாராவது மறுபடி கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள் வினோதினி. "பூசாரி கூப்பிட்டாரு. ஆனா அது மாலை எடுக்க."

"நான் பாத்துக்கிட்டே இருந்தேனேடி" என்றாள் மரகதம். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. "கண்ணை எடுக்கவே இல்லியே."

"எனக்கு நீ தெரியலைம்மா."

தனக்கோடி அந்த இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு வடமலையைப் பார்த்தான். பத்து நாளாக அவன் முகத்தில் கிடந்த எதுவோ மெல்ல விலகியது. அந்த இடத்தில் வேறொரு கவலை வந்து உட்கார்ந்தது.

வடமலை கேமராவின் மூடியைத் திறந்தார்.

வினோதினி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம் மாமா."

அவர் வாரைக் கழுத்திலிருந்து கழற்றினார். கேமராவை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்க நேரமானது. வாங்கியபோது இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எதை அமுக்கணும்?"

"இதை. பாதி அமுக்கினா அதுவா பாத்துக்கும். அப்புறம் முழுசா."

அவள் எழுந்து பின்னால் நடந்து போனாள். தேயிலைச் செடி முதுகில் பட்டதும் நின்றாள். கண்ணில் வைத்தாள்.

மரகதம் புடவையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. தலைமுடியை ஒதுக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி மகளைப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் மகள் இருந்தாள். அதனால் கேமராவைப் பார்த்தாள்.

ஒரு சத்தம்.

தனக்கோடி படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று ஜீப்பின் மறுபக்கம் நழுவினான். துணியையும் எடுத்துக்கொண்டு போனான்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் வினோதினி.

யாரைச் சொல்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் பனிதான் இருந்தது.

"உங்களைத்தான். வந்து நில்லுங்க."

அவன் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மரகதத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றான்.

"அவ்ளோ இடம் எதுக்கு? ஒட்டி நில்லுங்க."

"நீ வேணா நடுவுல..." என்று தனக்கோடி ஆரம்பித்தான். அவனுக்கு முடிக்க வரவில்லை.

"அப்புறம் யாரு எடுக்கிறது?" என்றாள் அவள்.

மரகதம் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவன் தோளில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்துக் கீழே போட்டாள். அப்போதுதான் இரண்டாவது சத்தம் கேட்டது.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

வினோதினி பையை எடுத்தாள். பொட்டலத்தை வாங்கினாள். அம்மாவின் கன்னத்தை ஒரு தரம் அழுத்தினாள். தனக்கோடியின் முன்னால் ஒரு நொடி நின்றாள். தலையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான். அவள் சரிவில் ஓடினாள். கேமரா அவள் கழுத்தில் குதித்துக்கொண்டே போயிற்று.

"ஏம்மா, கேமரா..." என்று தனக்கோடி கையைத் தூக்கினான்.

வடமலை அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

பஸ் பனிக்குள் போனது. விளக்கு இரண்டும் சிறிது நேரம் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

வடமலை ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது ஸ்டூல் நடுவிலேயே இருந்தது. சபூரா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தாங்க டீச்சர்."

"படம் எங்க?"

"பஸ்ஸுல போகுது."

அவள் நிமிர்ந்து அவருடைய கழுத்தைப் பார்த்தாள்.

"கேமரா?"

"அதுவும்தான்."

"எப்ப திரும்பி வரும்?"

வடமலை டீயை வாங்கிக்கொண்டார்.

"கேக்கலை டீச்சர்."