தும்பன் தின்ற ஊமத்தங்காய்

மலையடிவாரக் குளத்தருகே ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அதில் துடியன், தும்பன் என்று இரண்டு இளங்குரங்குகள். துடியன் எதற்கும் பயப்படாதவன். தும்பனோ யார் சிரித்தாலும் கூசிப்போவான். என்ன வம்பு செய்வானோ என்று பெரியவர்களின் கண்ணெல்லாம் துடியன் மேலேயே இருக்கும்.

ஒருநாள் கட்டாரி என்ற கிழட்டுக் கடுவன் குரங்கு பாறையில் சாய்ந்தபடி இளசுகளைக் கூப்பிட்டது. கரையில் காய்த்திருந்த ஊமத்தையைக் காட்டி, "இதைத் தின்கிறவன்தான் ஆண்பிள்ளை" என்றது.

துடியன் பாய்ந்துபோய் ஒரு காயைக் கடித்தான். கசந்தது. யாரும் பார்க்காமல் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"அடுத்து யார்? தும்பனா? பாருங்கள், வால் நடுங்குகிறது" என்றது கட்டாரி. இளசுகள் எல்லோரும் சிரித்தார்கள். அருகில் பேன் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் தடுக்கவில்லை. துடியனும் சிரித்தான்.

தும்பன் ஒரு காயை முழுசாக மென்று விழுங்கினான். சிரிப்பு நிற்கவில்லை. இன்னொன்றையும் விழுங்கினான். அப்போதுதான் நின்றது.

உச்சிவெயிலில் அவனுக்குப் புத்தி தடுமாறியது. இல்லாத கிளையைப் பிடிக்கக் கை நீட்டி, மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஓடிவந்த தாயைப் பார்த்து, "நீ யார்?" என்று அலறினான்.

கூட்டம் கூடியது. "துடியன் இப்படிச் செய்திருந்தால் நம்பலாம். இந்தச் சாதுப்பிள்ளைக்கு ஏன் இந்தப் புத்தி?" என்றது ஒரு கிழக்குரங்கு.

தும்பனின் அக்கா அல்லிக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"குதிக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேலிக்குப் பயந்து சாகிறவனை யார் பார்த்தீர்கள்? கட்டாரி இவனைக் கேலி செய்தது உங்கள் காதில் விழவே இல்லையா?"

அல்லி ஒரு காயைப் பறித்துக் கட்டாரியின் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்கள், பெரியவரே."

கட்டாரி பின்னால் நகர்ந்தது. "எனக்கென்ன பைத்தியமா?"

"அப்படியானால் என் தம்பிக்கு மட்டும் இது வீரமா?"

துடியன் தலைகுனிந்து முன்னே வந்தான். "நானும் சிரித்தேன், அக்கா. நான் துப்பியதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்."

அன்றே கூட்டம் கட்டாரியை மலைக்கு அப்பால் துரத்தியது. ஊமத்தைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டது. மூன்றாம் நாள் தும்பன் தாயை அடையாளம் கண்டான். ஆனால் முறிந்த கால் நேராகவில்லை. மற்றவர்கள் மரம் தாவும்போது அவன் தரையில் நொண்டி நடந்தான். துடியன் மரத்தை விட்டிறங்கி அவனோடு நடந்தான்.

தான் தொடாத நஞ்சை வீரம் என்று இளசுகளுக்கு ஊட்டுகிறவன் கொடியவன். அதைக் கேட்டும் சும்மா இருந்தவர்களுக்கும் அந்தக் கொடுமையில் பங்கு உண்டு.