வடிவாக் கேளுங்கோ

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் எங்கள் நாலு பேரையும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது நீங்கள் செய்த புண்ணியம். ஆவுடையப்பன் என்பது நான். நாலு பேரில் வயதில் மூத்தவன். அறிவில் மூத்தவன் கோமதிநாயகம். இதை அவனேதான் சொல்வான், மறுத்துப் பேச எங்களுக்கு அறிவு போதாது. செண்பகராமனுக்கு எதிலும் சந்தேகம். இசக்கிமுத்துவுக்கு எந்நேரமும் பசி.

இப்படிப்பட்ட நாங்கள் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் ஏறினோம். கப்பல் ஒரு பகல் திருகோணமலையில் நிற்கும், இறங்கிக் கடற்கரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற மூவரின் மனைவிமாரும், "இவங்களைக் கூட்டிக்கிட்டு சங்கரன்கோயில் போயிட்டு வாறதே பெரும்பாடு, இதுல கடல் வேறயா" என்று வீட்டோடு இருந்துவிட்டார்கள். என் மனைவி வடிவு மட்டும் வந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். தனியாக அனுப்பப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

கப்பல் ஆடிய ஆட்டத்தில் வடிவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்துவிட்டது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. திருகோணமலையில் கப்பல் நின்ற காலையில், படுத்த படுக்கையாகக் கிடந்தபடி என்னைப் பார்த்தாள்.

"லோடு லோடா எலுமிச்சம்பழம் ஏத்தி அனுப்புதீங்க. பெண்டாட்டிக்குன்னு ஒரு பழத்தைப் பையில போடத் தோணலையே உங்களுக்கு."

நாலு எலுமிச்சை வியாபாரிகள் சேர்ந்து கப்பலேறியிருக்கிறோம், எங்கள் நாலு பைகளிலும் ஒரு பழம் கிடையாது.

"கரையில ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க" என்றாள். "மோந்துக்கிட்டாவது கிடக்கேன். பழம் இல்லாம திரும்பவும் இந்தக் கப்பல் ஆட ஆரம்பிச்சா நான் தாங்க மாட்டேன். கிளம்புறதுக்குள்ள வந்து சேருங்க. அது போதும் எனக்கு."

பழம் வாங்கவேண்டும், கப்பலுக்குத் திரும்பவேண்டும். வேலை அவ்வளவுதான். ஒரு ஆட்டுக்குட்டியை அனுப்பியிருந்தால்கூடப் பாதியாவது முடித்திருக்கும்.

இறங்கும் இடத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்தார். "இது எப்பவும் கையிலயே இருக்கணும். இது கையில இருந்தா உள்ள போகவும் வெளிய வரவும் யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க" என்றார். பெரிய மனிதர் கொடுத்ததை இடது கையில் வாங்கலாமா? வலது கையில் வாங்கினோம். கையிலேயே இருக்கணும் என்று சொல்லிவிட்டதால் அப்புறம் நாள் முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை.

துறைமுகத்துக்கு வெளியே வேனோடு காத்திருந்தவர் பெயர் தவராசா. எங்கள் நாலு பேருக்காக மட்டும் ஒரு வேன், ஒரு வழிகாட்டி. தங்கமான மனிதர். ஏறி உட்கார்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வடிவாக் கேளுங்கோ ஐயா. பின்னேரம் நாலு மணிக்குக் கப்பல் வெளிக்கிட்டிடும். அதுக்கு முதல் நான் உங்களைக் கொண்டுவந்து விடுவன்."

அந்த ஊர்ப் பேச்சில் 'வடிவா' என்றால் 'நல்லா' என்று அர்த்தம். நல்லாக் கேளுங்க, நல்லாப் பாருங்க என்பதைத்தான் வடிவாக் கேளுங்கோ, வடிவாப் பாருங்கோ என்பார்கள். தவராசாவுக்கு எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல் வந்துவிடும். இது இன்றைக்கு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று காலையில் எனக்குத் தெரிந்த வடிவு ஒருத்திதான்.

"அண்ணாச்சி, மதினியைக் கேக்கச் சொல்லுதாரு" என்றான் இசக்கிமுத்து மெதுவாக.

"இவருக்கு எப்படி வே மதினி பேரு தெரியும்?" என்றான் செண்பகராமன்.

"கப்பல்ல சொல்லி அனுப்பியிருப்பாங்க" என்றான் கோமதிநாயகம்.

"அப்ப நம்ம பேரையெல்லாம் ஏன் சொல்லி அனுப்பல?"

"நம்மளைக் கேட்டு என்ன ஆகப்போகுது? விவரம் தெரிஞ்ச ஆளைத்தான கேக்கச் சொல்லுவாங்க."

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. வேனைவிட்டு இறங்கி, அட்டையைக் காட்டிக் கப்பலேறி, வடிவு முன்னால் வரிசையாக நின்றோம்.

"வடிவு, உன்னைக் கேக்கச் சொன்னாங்க."

"என்னத்தக் கேக்கணுமாம்?"

நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவன் செண்பகராமனைப் பார்த்தான். "அதை அவரு சொல்லல மதினி" என்றான் செண்பகராமன்.

வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எலுமிச்சம்பழம்" என்றாள்.

திரும்பி வந்து தவராசாவிடம், "கேட்டாச்சு, எலுமிச்சம்பழம்னு சொல்லுதா" என்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

முதலில் கோணேசர் கோயில். கடலோரத்து மலைமேல் இருக்கிறது. சாமி கும்பிட்டு வந்த எங்களைப் பாறை ஓரமாக நிறுத்தி, கீழே நீலமாகக் கிடந்த தண்ணீரைக் காட்டினார்.

"கடலை வடிவாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் டீ குடிக்கப் போனார்.

எங்களுக்குள் பெரிய யோசனை வந்துவிட்டது.

"கடலை எப்படி வே மதினியாப் பாக்க முடியும்?" என்றான் செண்பகராமன்.

"கல்லைச் சாமியாப் பாத்துட்டுத்தான இப்ப வெளிய வந்தோம்?" என்றான் கோமதிநாயகம். "அதே மாதிரி கடலை மதினியாப் பாக்கணும். எல்லாம் மனசுதான் வே."

மனசை ஒருமுகப்படுத்திக் கடலை வடிவாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வருத்தம் பொங்கியது. "கோவிச்சுக்காத. பழத்தோட வந்துருதேன்" என்றேன். கடல் பாறையில் மோதிச் சீறியது. சந்தேகமே இல்லை, வடிவேதான்.

மற்ற மூன்று பேருக்கும் அவள் மதினி முறை. முறைத்து முறைத்துப் பார்ப்பது மரியாதையாகாது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். இசக்கிமுத்து மட்டும் குனிந்தபடியே, "ஏதாவது சாப்பிட்டீங்களா மதினி?" என்று கடலை விசாரித்தான். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இங்கே இதுதான் வழக்கம்போல என்று நினைத்து, அவர்களும் கடலுக்குத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து நான் சொல்லி வண்டி கடைத்தெருவில் நின்றது. ஒரு காய்கறிக் கடையில் கூடை நிறைய பழம். எனக்கு உயிர் வந்தது.

"எலுமிச்சம்பழம் இருக்காம்மா?"

"தேசிக்காயோ? எத்தினை வேணும்?" என்றாள் கடைக்காரம்மா.

"தேசிக்காய் வேண்டாம்மா. எலுமிச்சம்பழம்."

"இதுதான் ஐயா அது. நாங்கள் தேசிக்காய் எண்டு சொல்லுறது."

நாங்கள் கூடையைச் சுற்றி நின்றோம். எங்களுக்கு எது தெரியாவிட்டாலும் எலுமிச்சம்பழம் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்தே எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்லிவிடுவோம். இடது கையால் ஆளுக்கொன்று எடுத்து உருட்டினோம், நகத்தால் கீறினோம், மோந்தோம்.

"பாக்க நம்ம பழம் மாதிரியே இருக்கு" என்றேன்.

"மணமும் அதேதான்" என்றான் செண்பகராமன்.

"புளிப்பும் அதே" என்றான் இசக்கிமுத்து. அவன் கடித்திருந்தான்.

கோமதிநாயகம் மட்டும் தலையை ஆட்டினான். "எல்லாம் சரி. பேரு இடிக்குதே. பாக்கவும் மோக்கவும் ஒண்ணுபோல இருந்து பேரு மட்டும் வேறயா இருந்தா, அது போலிச் சரக்கு அண்ணாச்சி. மதினி ஏற்கனவே முடியாமக் கிடக்கா. இதைக் குடுத்து ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல?"

நல்லவேளை, கூட ஒரு அறிவாளி வந்திருந்தான். கூடையைக் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனோம். அங்கேயும் தேசிக்காய். அதற்கடுத்த கடையிலும் தேசிக்காய்தான். "பாவம், ஊரையே ஏமாத்தி வச்சிருக்கானுவ" என்று செண்பகராமன் அந்த ஊர் மக்களுக்காக வருத்தப்பட்டான். தவராசா எங்கள் பின்னாலேயே வந்தவர், கடைசிக் கடையில் தனக்கென்று கொஞ்சம் தேசிக்காய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவரையும் ஏமாற்றிவிட்டார்களே என்று எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மதியம் நிலாவெளிக் கடற்கரை. மர நிழலில் சோறும் மீன்குழம்பும் வந்தன. எங்கள் வலது கைகளில் அட்டை இருந்தது. இடது கையால் சாப்பிடுவது அசிங்கம். எனவே தவராசா ஊட்டிவிட முடியுமா என்று இசக்கிமுத்து தாழ்மையாகக் கேட்டான். அவர் மறுத்துவிட்டார். பிறகு கரண்டி வந்தது; சோற்றில் கை படாது என்பதால் அதை இடது கையில் பிடித்துக்கொண்டோம். மீன் நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை. பழம் கிடைக்கவில்லை, நேரம் போகிறது, அங்கே அவள் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். எழுந்து எழுந்து நின்றேன்.

தவராசா என் தோளைத் தொட்டார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ஐயா. ஆறுதலா இருங்கோ."

அவர்கள் பேச்சில் 'ஆறுதலா' என்றால் அவசரப்படாமல், நிதானமாக என்று பொருளாம். எங்கள் ஊரில் ஆறுதல் என்பதை இழவு வீட்டில்தான் சொல்வார்கள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். "வடிவு" என்று ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான், மூவரும் என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "ஒரு பழம் கேட்டா அண்ணாச்சி, ஒரே ஒரு பழம்" என்று செண்பகராமன் சொல்லிச் சொல்லி அழுதான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து விசாரித்தார். நாங்கள் இன்னும் சத்தமாக அழுதோம். அவரும் எங்களோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுது முடிக்கிற மாதிரி இல்லை. தவராசா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஐயா, கப்பலை விடப்போறியள். கெதியா வாங்கோ, கெதியா வாங்கோ."

கெதியா என்றால் சீக்கிரமாக. "மதினி கெதி என்ன ஆச்சோ" என்று அலறிக்கொண்டு வேனில் விழுந்தோம். வழியெல்லாம் நான் கடலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

துறைமுகத்தில் கப்பல் ஏணியை எடுக்கத் தயாராக நின்றார்கள். தவராசா ஓடிவந்து தன் பையை என் இடது கையில் திணித்தார். "அம்மாவிட்டைக் குடுங்கோ ஐயா. தேசிக்காய்தான். ஒண்டும் செய்யாது, நான் பொறுப்பு." பிறகு சிரித்துக் கைகூப்பினார். "சரி, வடிவாப் போட்டு வாங்கோ."

ஏணியில் தடதடவென்று ஏறி அறைக்கதவைத் திறந்தேன். வடிவு உயிரோடு படுத்திருந்தாள். என்னைக் கண்டதும், "வந்துட்டீங்களா?" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"வடிவு, ஊரெல்லாம் தேடிட்டேன். எலுமிச்சம்பழம் கிடைக்கல. தேசிக்காய்தான் கிடைச்சுது."

வாங்கி மோந்து பார்த்தாள். "எலுமிச்சம்பழம்தானங்க இது."

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பேரு வேறயாம்."

கப்பலேறியதிலிருந்து முதல் தடவையாக வடிவு சிரித்தாள். நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். முகத்தில் களை வந்தது. அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனாள். சொன்ன வேலை இரண்டையும் ஒரே நாளில் முடித்திருக்கிறேன். எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

வெளியே வந்தால் மூவரும் தயாராக நின்றார்கள்.

"மதினியைப் படுக்கையில போட்டாச்சா?" என்றான் கோமதிநாயகம்.

"தூங்குதா."

"அப்ப வாங்க போவோம். வடிவைப் போட்டுட்டு வாங்கன்னு சொன்னாருல்லா அந்த மனுசன். பாவம், காத்துக்கிட்டு நிப்பாரு."

"கப்பல் கிளம்பப் போகுதே" என்றான் செண்பகராமன்.

"போட்டுட்டு வாங்கன்னுதான சொன்னாரு? போட்டுட்டு இருங்கன்னு சொன்னாரா?" என்றான் இசக்கிமுத்து.

அத்தனை உதவி செய்த மனிதரின் பேச்சைத் தட்டலாமா? கப்பல் சங்கு ஊதியது. ஏணியருகே ஒரு ஆள் குறுக்கே நின்றார். நாலு பேரும் அட்டையை உயர்த்திக் காட்டினோம். கையில் அட்டை இருந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று சொன்னது சரிதான். அவர் வாயைத் திறப்பதற்குள் கரைக்கு வந்துவிட்டோம். பின்னால் ஏணி மேலே போனது.

தவராசா இன்னும் அங்கேதான் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் ஐயா இறங்கினியள்?"

"நீங்கதான வடிவைப் போட்டுட்டு வரச் சொன்னீங்க. போட்டுட்டு வந்துட்டோம்" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நல்லபடியாப் போயிட்டு வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்" என்றார்.

கப்பல் மெல்ல நகர்ந்தது. சங்குச் சத்தத்தில் எழுந்திருப்பாள்போல, மேல்தளத்துக் கம்பியருகே வடிவு வந்து நின்றாள். மூக்கில் தேசிக்காய். ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நின்றாள். கீழே கரையில் எங்களைப் பார்த்ததும் தேசிக்காய் பிடித்த கையை ஓங்கி ஆட்டி ஏதோ சொன்னாள். "மதினி டாட்டா காட்டுதா" என்றான் கோமதிநாயகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. தவராசா ஒருவழியாக எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, என் தோளில் கைபோட்டார்.

"சரி, இனி என்ன செய்யிறது. ஆறுதலா இருங்கோ" என்றார்.

அதைக் கேட்டதும் நாலு பேரும் மதியம் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தோம்.