மச்சினனுக்கு மட்டும் ஒரு டெண்டர்

ஆலந்தோப்பு நகராட்சியில் டெண்டர் நிபந்தனைகளை எழுதுகிற மூத்த வக்கீல் பிலோமினா. ஒருநாள் சேர்மன் சங்கரபாண்டியன் அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, புது பஸ் ஸ்டாண்டு டெண்டர் என் மச்சினன் சுடலைமுத்துவுக்குத்தான் கிடைக்கணும். ஆனா நிபந்தனையில அவன் பேரு இருக்கக் கூடாது, பொய்யும் இருக்கக் கூடாது. வேற ஒரு பய உள்ள நுழைய முடியாதபடி எழுது. இல்லைன்னா உன்னை நாய் பிடிக்கிற வண்டிக்கு மாத்திடுவேன்!"

"அவர் இதுவரைக்கும் செஞ்ச வேலையையே தகுதியா வச்சிடலாம் ஐயா," என்றார் பிலோமினா.

எழுதிக் கொடுத்ததும் சேர்மன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது? திங்கட்கிழமை மன்றக் கூட்டத்தில் குமாஸ்தா அதை உரக்க வாசித்தார்.

"ஒப்பந்ததாரர் முதல் மழையிலேயே உட்கார்ந்துவிட்ட மீன் மார்க்கெட் ஒன்றைக் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடும் சாக்கடை ஒன்றும் கட்டியிருக்க வேண்டும். கதவே வைக்காமல் கழிப்பறை கட்டி முடித்த அனுபவம் கட்டாயம்."

கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சேர்மன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எந்தக் கூறுகெட்டவன்மா இப்படியெல்லாம் கட்டுவான்?" என்று பிலோமினாவைப் பார்த்துக் கத்தினார்.

பார்வையாளர் வரிசையில் சுடலைமுத்து பெருமையோடு எழுந்து நின்றார்.

"அத்தான், மறந்துட்டீங்களா? மூணும் நான் கட்டுனது, நீங்க ரிப்பன் வெட்டுனது!"