வீட்டுக்காரம்மா அடைத்த வாய்க்கால்

கூராயி என்ற முள்ளம்பன்றிக்கு மலையடிவாரத்தில் இரண்டு வளைகள் இருந்தன. ஒன்றில் அவளும் அவளுடைய மூன்று குட்டிகளும் இருந்தார்கள். மற்றது காலி. நடுவே வற்றாத சுனை. அது நிரம்பி வழியும் நீர் சிறு வாய்க்காலில் காலி வளைப் பக்கம் ஓடும்.

மொத்தையன் என்ற காட்டுப்பன்றி குடிவரக் கேட்டு வந்தான். வாடகை கிழங்கு என்று முடிவாயிற்று.

“தண்ணி எப்படிங்க, வீட்டுக்காரம்மா?”

அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்ட கூராயிக்குத் தலைகால் புரியவில்லை. “தண்ணிக்கென்ன தம்பி, தாராளமா புழங்கிக்கோ” என்றாள். எவ்வளவு, எப்போது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பன்றிக்குத் தாராளம் என்றால் என்ன என்று யோசிக்கவும் இல்லை.

கோடை வந்தது. மொத்தையன் வாய்க்காலை முட்டி முட்டி ஆழமாக்கினான். சுனைநீரெல்லாம் அவன் பக்கம் ஓடிச் சேறானது. நாளெல்லாம் அதில் சுகமாகப் புரண்டான். கூராயியின் குட்டிகளோ சுனையடியில் கிடந்த கலங்கலை நக்கின. அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கேட்கக் கூச்சம். கொடுத்த வாக்கை எந்த வாயால் திரும்பக் கேட்பது?

கடைசியில் சின்னக்குட்டி தாகத்தில் சுருண்டு விழுந்தது.

“இருடா மொத்தையா, உன்னை எப்படிக் கிளப்புறதுன்னு எனக்குத் தெரியும்” என்று கூராயி சரிவில் கிடந்த பாறாங்கல்லை உருட்டி வாய்க்காலை அடைத்தாள். கல் போய் இறுகிக்கொண்டது. சுனை ஏறியது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு வளைக்குள் படுத்தன. கூராயி நிம்மதியாக இரை தேடப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தாள். போக வழியில்லாத நீர் சுனை தளும்பி அவள் வளைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குட்டிகள் அலறின. ஓடிப்போய்க் கல்லைத் தள்ளினாள். முள்ளெல்லாம் சிலிர்த்ததுதான் மிச்சம், கல் அசையவில்லை.

“மொத்தையா! ஓடி வா!”

அவன் வந்தான். கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“இதை வச்சது யாரு?”

“நான்தான். உன்னை விரட்டத்தான் வச்சேன். தம்பி, குட்டிங்க உள்ள இருக்கு.”

மொத்தையன் சட்டென்று குனிந்தான். தந்தத்தைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினான். கல் புரண்டது, நீர் வாய்க்காலில் பாய்ந்தது. இரண்டு குட்டிகள் தத்தளித்து வெளியே வந்தன. சின்னக்குட்டியைக் காணோம். கூராயி தண்ணீருக்குள் பாய்ந்து அதைக் கவ்வி இழுத்து வந்தாள். அது இருமியது. அவள் அழுதேவிட்டாள்.

“காலையில உங்க பிள்ளைங்க குடிக்கட்டும். வெயில் ஏறினதும் நான் புரண்டுக்கறேன்” என்றான் மொத்தையன். “குடிவந்த அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

குடிவைக்கும்போதே தண்ணீருக்கு வரம்பு பேசாமல், பிறகு ஆத்திரத்தில் அடைப்பவர் வீட்டில்தான் முதலில் வெள்ளம் புகும்.