தர்பாரில் ஆடிய தொட்டில்

பாட்டன் பூட்டன் காலத்துக்கெல்லாம் முன்னால், வெண்ணெல் நாட்டைச் செங்கோலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நொடியில் நடந்தாக வேண்டும். சோற்றில் கை வைத்த மந்திரியை ஆள் விட்டு அழைத்து, "மழைக்கு முன்னால் மயில் ஏன் ஆடுகிறது?" என்று கேட்பான். ஊரார் அவனுக்குத் 'திடீர் மகாராஜா' என்று பெயர் வைத்திருந்தார்கள், அவன் காதில் விழாமல்தான்.

அவனுடைய முதல் மந்திரி கூத்தபிரான். சிக்கலான வழக்குகளைத் தலை தெளிவாக இருக்கும் காலையிலேயே எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் செய்யக்கூடியதை அவர்களிடமே விட்டுவிடுவார். மாலை முரசு கொட்டியதும் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். அங்கே மனைவி உலகுடையாளும், வெகுகாலம் தவமிருந்து பெற்ற பெண் குழந்தையும் காத்திருப்பார்கள். குழந்தை அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சிரிப்பைத் தவறவிட அவருக்கு மனம் வரவில்லை.

இது இரண்டாம் மந்திரி வீரசிகாமணிக்கு ஆகவில்லை. அவர் வீட்டுக்கே போகமாட்டார். முடித்த வேலையை அவிழ்த்து மறுபடி முடிவார். ஒருநாள் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா! முரசு கொட்டியதும் தொட்டில் ஆட்ட ஓடுகிறவருக்கு முதல் மந்திரி பதவி எதற்கு? நான் வீட்டுத் திண்டில் தலை சாய்த்தே மாதக் கணக்காகிறது!"

ராஜா துள்ளி எழுந்தான். "அப்படியா சேதி! இன்று முதல் நீங்கள் இருவரும் அரண்மனையை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. யார் முதலில் வீட்டுக்குப் போகிறாரோ அவர் நாட்டை விட்டே போக வேண்டும். நிலைத்து நிற்பவருக்கு முத்திரை மோதிரம்!"

கூத்தபிரான் எழுந்து கும்பிட்டார்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். நான் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்!"

அன்று மாலை முரசு கொட்டியது. கூத்தபிரான் சொல்லியனுப்பியபடி அரண்மனை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. உலகுடையாள் இறங்கினாள். கையில் குழந்தை, பின்னால் சோற்றுத் தூக்கு, மடித்த தொட்டில் சேலை.

"தர்பாரிலா தொட்டில் கட்டப்போகிறீர்கள்? எனக்கு மானமே போகிறது" என்றாள் தாழ்ந்த குரலில்.

"வீட்டுக்கு நான் போகக் கூடாதென்றுதான் உத்தரவு. வீடு என்னிடம் வரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே" என்று சிரித்தார் கூத்தபிரான்.

தர்பார் மண்டபத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே தொட்டில் ஆடியது. மந்திரி சாப்பிட்டார், மகளைக் கொஞ்சினார், பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கினார். வீரசிகாமணி பதறிக்கொண்டு ராஜாவிடம் ஓடினார். ராஜா வந்து பார்த்தான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. "உத்தரவை மீறவில்லையே!" என்று சிரித்தபடி போய்விட்டான்.

'இவர் தூங்கட்டும், நான் விழித்திருந்தே ஜெயிக்கிறேன்' என்று வீரசிகாமணி வீம்பு பிடித்தார். நாட்கள் நகர்ந்தன. அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்தன. நின்றபடியே தூங்கி விழப் பழகிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கருங்கல் நாட்டிலிருந்து தூதர் வந்தார். வாயைத் திறந்தால் தேன் வழிந்தது.

"மகாராஜா, உங்கள் பெரிய ஏரியின் மதகு பழுதாகிவிட்டதாமே! நட்புக்காக எங்கள் அரசர் தம் செலவிலேயே புது மதகு கட்டித் தருவார். காவலுக்கு எங்கள் வீரர்களையே நிறுத்துவார். உங்களுக்குச் சிரமமே வேண்டாம்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "வீரசிகாமணி, உமக்குச் சம்மதமா?"

"ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டினார் அவர்.

தூதர் அவசரமாகக் கும்பிட்டு எழுந்தார். கூத்தபிரான் கையமர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கள், தூதரே. மதகுக்கு உங்கள் வீரர் காவல் என்றால், பலகையைத் திறப்பதும் மூடுவதும் யார்?"

"அது... எங்கள் ஆட்கள்தான்."

"பயிர் காயும்போது எங்கள் உழவர்கள் தண்ணீரை யாரிடம் கேட்க வேண்டும்?"

தூதர் வாசலைப் பார்த்தார். நாட்டின் பாதி வயலும் அந்த ஏரியை நம்பித்தான் இருந்தது. ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வீரசிகாமணி பக்கம் திரும்பி, "இதற்கா சம்மதம் சொன்னீர்?" என்று கத்தினான்.

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் அவர்.

கூத்தபிரான் அவர் காதருகே குனிந்தார். "ஐயா, தூதருக்கு உங்கள் மீசையையும் சிரைத்துக் கொடுத்தனுப்பலாமா?"

"ஆகட்டும், ஆகட்டும்!"

சபை அதிரச் சிரித்தது. அந்தச் சத்தத்தில்தான் வீரசிகாமணி கண்ணைத் திறந்தார். தூதர் வந்த வழியே நழுவினார்.

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கூத்தபிரானின் விரலில் தானே போட்டுவிட்டான். "தூங்காதவனை உழைப்பாளி என்று நம்பி ஏரியையே இழக்க இருந்தேனே! போட்டி முடிந்தது. உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"மாலை முரசு எனக்கு மட்டும் ஒலிக்க வேண்டாம், மகாராஜா. சமையல்காரர், காவலர், பல்லக்குத் தூக்கி, எல்லோருக்கும் ஒலிக்கட்டும். முறை வைத்து வேலை பார்க்கட்டும். முறை முடிந்து போனவர்களை யாரும் திரும்பக் கூப்பிடக் கூடாது."

"யாரும் என்றால்?"

"தாங்களும்தான்."

ராஜா ஒரு கணம் முறைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "அப்படியே ஆணை!" என்றான். வாசலில் நின்ற காவலர்கள் ஈட்டியைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

வீரசிகாமணிக்கும் தண்டனை கிடைத்தது: உடனே வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். தலையைக் குனிந்தபடி போனார். தெருமுனை திரும்பியதுமே அவர் வீட்டு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்த அவர் மனைவி, "யாருங்க அது? ஐயா வீட்டில் இல்லை. அரண்மனையில் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.