இருநூற்று நாற்பத்தேழு படிகள்

மேகம் வந்து இளைப்பாறிவிட்டுப் போகும் ஒரு குன்று. அதன் உச்சியில் ஒரு பள்ளி. ஏறிப் போக இருநூற்று நாற்பத்தேழு படிகள். தமிழில் எத்தனை எழுத்தோ அத்தனை.

படிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் ஏற வேண்டும். காலையில் அடிவாரத்தில் நின்றால் பிள்ளைகள் தெரியமாட்டார்கள். மேகத்துக்குள்ளிருந்து எழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

பள்ளியைத் தொடங்கிய குருவம்மைக்கு வயதாகிவிட்டது. இப்போது எல்லாம் சீடர் செம்பியன் பொறுப்பு. பிறவியிலேயே சூம்பிய இடக்கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வலக்கையால் மணியடிப்பார். நல்ல மனிதர்தான். பள்ளி விதி என்று வந்துவிட்டால் பாறைகூட இளகும், அவர் இளகமாட்டார்.

ஒருநாள் குருவம்மை பழைய சாக்குகளைக் கிளறி எதையோ தேடிக்கொண்டிருந்தார். செம்பியன் வந்து நின்றார்.

"அம்மா, கீழே ஒருத்தி ஏழு நாளாக மகளோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சிறுமிக்குக் கால் இரண்டும் நடக்க வராது. சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். இன்று பதில் சொல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவாளாம்."

"பெண்ணின் பெயர் என்ன?"

"பவளம்."

"ஏழு நாளாக என்ன செய்கிறாள்?"

"நம் பிள்ளைகள் ஏறும்போது அவளும் கீழேயிருந்து எழுத்தைச் சொல்கிறாள். இவர்கள் மூச்சு வாங்க நின்றாலும் அவள் நிறுத்துவதில்லை."

"பிறகென்ன?"

"பெற்றவள் தினமும் தூக்கி வருகிறேன் என்கிறாள். தூக்கி வந்தால் ஏறியதாகுமா? படி ஏறுவதுதானே இங்கே முதல் பாடம்! ஒரு பிள்ளைக்காக அதை மாற்றினால் பள்ளி என்னாவது? போகச் சொல்லிவிடட்டுமா?"

குருவம்மை இன்னொரு சாக்கை அவிழ்த்தார்.

"படிகளுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, தெரியுமா?"

"படிகள் என்றைக்கும் இருப்பவைதானே அம்மா?"

"கயிறு இருந்தது. உச்சியிலிருந்து தொங்கும். பிள்ளைகள் பிடித்துக்கொண்டு சரசரவென்று ஏறிவிடுவார்கள். கயிறு ஏறுவதுதான் முதல் பாடம் என்று நானும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்."

"அப்புறம்?"

"நாலு வயதில் ஒரு பிள்ளை வந்தான். எல்லாரும் ஏறிப் போக, அவன் மட்டும் கீழே நின்று அழுதான். எனக்குத் தாங்கவில்லை. அவனை முதுகில் கட்டிக்கொண்டு பாறையை வெட்டினேன். ஒரு படி முடிந்தால் அவனுக்கு ஓர் எழுத்து. பாதி நேரம் தூங்கிவிடுவான். கடைசிப் படி முடிந்தபோது அவனுக்கு எல்லா எழுத்தும் வந்துவிட்டது."

செம்பியனுக்கு ஒரு முதுகின் வெதுவெதுப்பு நினைவில் வந்தது. டக் டக் என்று ஒரு சத்தமும். எப்போதோ கண்ட கனவென்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"அவன் ஏன் கயிற்றில் ஏறவில்லை, அம்மா?"

"கயிற்றைப் பிடிக்க இரண்டு கை வேண்டுமே."

செம்பியன் தன் இடக்கையைத் தொட்டுப் பார்த்தார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

கீழே மேகத்துக்குள்ளிருந்து ஒற்றைக் குரல் கேட்டது. 'னௌ' என்று முடித்துவிட்டு, மறுபடி 'அ' என்று தொடங்கியது.

தேடியது குருவம்மையின் கையில் அகப்பட்டது. துருவேறிய உளி.

"போய்ப் பவளத்தைத் தூக்கி வா. இந்தத் தடவை படி வேண்டாம், சரிவாக ஒரு பாதை போடுவோம். உளியை நான் பிடித்துக்கொள்கிறேன். சுத்தியல் பிடிக்க உனக்கு ஒரு கை போதும்."