சுற்றிப் போன குழாய்

எங்கே தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கன்னுதான் தெரியல."

"நீங்க கேக்குறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துரும்க்கா. சொல்லுங்க," என்றாள் ஷமீமா.

பேச்சியம்மாளைவிடப் பதினாறு வயது சின்னவள் ஷமீமா. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பேச்சியம்மாளுக்கு, ஸ்கேன் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற படமாக மாற்றக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் கத்தி வைக்கும் இடத்தை முடிவு செய்வார்.

"ஒரு பொம்பளையோட கல்லீரல், டீச்சர். உள்ளே கட்டி. பக்கத்துல ரத்தக்குழாய். பின்னால இருக்குற நிறத்தை முதல்ல போட்டு, முன்னால இருக்குறதை அதுமேல கலக்கணும்னு சொன்னீங்கல்லா?"

"ஆமா."

"குழாயை முன்னால வெச்சா ஒரு பக்கம் சரியா வருது, மறுபக்கம் தப்பா வருது. பின்னால வெச்சாலும் அதே கதைதான். குழாய் முன்னாலயா, பின்னாலயா?"

ஷமீமா பேச்சியம்மாளின் செல்போனைச் சார்ஜரிலிருந்து கழற்றினாள். சார்ஜர் வயரை எடுத்து, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் கட்டினாள்.

"வயர் முன்னாலயா, பின்னாலயா?"

பேச்சியம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் இருக்கு."

"குழாயும் இப்படித்தான். அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்துக் கலக்கணும். நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நடுப்புள்ளியை மட்டும் அளந்தேன். பின்னாலன்னு வந்துச்சு. மொத்தக் குழாயையும் பின்னால போட்டேன். படம் பாக்க நல்லா இருந்துச்சு. காலையிலேயே அனுப்பிட்டேன். அப்புறம் திருப்பிப் பாக்கையிலதான் சந்தேகம் வந்துச்சு."

"ஆபரேஷன் எப்ப?"

"பதினோரு மணிக்கு."

மணி பத்தரை ஆகியிருந்தது.

"போன் பண்ணிச் சொன்னா வேலை போயிரும் டீச்சர். போன மாசமே எங்க ஆபீஸ் மேனேஜர் ஏசுனாரு. இன்னொரு தப்புன்னா வீட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாரு. டாக்டர் எவ்வளவு படிச்சவரு! அவரே பாத்துக்கிட மாட்டாரா?"

ஷமீமா மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"முன்பக்கத்து லேபிளைக் குறுக்கே வெட்டுங்க."

பேச்சியம்மாள் கத்தரியைக் கொண்டுபோனாள். லேபிளின் மேலேயே வயர் கிடந்தது. கை நின்றது.

"வயர் அறுந்துரும், டீச்சர்."

"எந்த வயர்? உங்க படத்துல முன்னால ஒண்ணும் இல்லையேக்கா."

பேச்சியம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். செல்போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டாள். மறுமுனையில் யாரோ எடுத்ததும், மூச்சுவிடாமல் சொன்னாள்.

"நான் பேச்சியம்மாள் பேசுதேன். அந்தக் கல்லீரல் படத்தை டாக்டர் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க. அது தப்பு. போட்டது நான்தான்."